மூக்குக்குள் எத்தனை ரகம்?

முதலில் ஒரு கணக்குப் போடுவோம்.

நெய்வேலி நகரியத்தில் ஒரு பள்ளி. அதில் ஒரு வகுப்பு. வகுப்பில் 40 மாணவர்கள். யாருக்கும் காய்ச்சல் இல்லை, சளி இல்லை. எல்லோரும் காலையில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு சைக்கிள் மிதித்து வந்தவர்கள். ஒவ்வொருவருடைய மூக்குத் துவாரத்தின் உட்புறத்திலும் ஒரு பஞ்சுக்குச்சியை மெல்லச் சுழற்றி எடுத்து, சோதனைச்சாலையில் கொடுத்து, அதில் ஒட்டிய பாக்டீரியாக்களை வளர்த்துப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். என்ன கிடைக்கும்?

பல நாடுகளில் இப்படிச் செய்து பார்த்திருக்கிறார்கள். சுமாராக 10 பேரில் 2 அல்லது 3 பேரின் மூக்கில் 'ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ்' என்னும் பாக்டீரியா இருக்கும். நம்முடைய கணக்குப்படி, வகுப்பில் 8 முதல் 12 பேர். தோலில் சீழ்க்கட்டியை உண்டாக்குவது இந்தக் கிருமிதான். ரத்தத்தில் கலந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து விளைவிப்பதும் இதுவே.

பயப்பட வேண்டாம். அந்த 12 பேரும் நோயாளிகள் அல்லர். கிருமி அவர்கள் மூக்கில் குடியிருக்கிறது, அவ்வளவுதான். பெரும்பாலோருக்கு அதனால் ஒரு தொல்லையும் வராது.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். அந்த 12 மூக்குகளிலும் இருப்பது ஒரே கிருமியா? பெயர் ஒன்றுதான். ஆனால் கிருமி ஒன்றல்ல! இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்பதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

பண்ருட்டிப் பலாவைப் பாருங்கள்

நெய்வேலிக்கு வடக்கே பண்ருட்டி இருக்கிறது. பலாப்பழத்துக்குப் பேர்போன ஊர். பலா என்றால் எல்லாம் ஒன்றா? ஒரு மரத்துச் சுளை தேனாக இனிக்கும். பக்கத்து மரத்துச் சுளை சப்பென்று இருக்கும். ஒன்றில் சுளை கெட்டி, மற்றொன்றில் கொழகொழ. இரண்டும் பலாதான், ஆனால் குணம் வேறு.

நெல்லையும் எடுத்துக்கொள்ளுங்கள். பொன்னியும் நெல், சீரகச் சம்பாவும் நெல். 'நெல் வாங்கி வா' என்று சொன்னால் போதுமா? 'எந்த ரகம்?' என்று கடைக்காரர் கேட்பார் அல்லவா?

பாக்டீரியாவிலும் இப்படித்தான் ரகங்கள் உண்டு. ஓர் இனத்துக்குள் பல ரகங்கள். உருப்பெருக்கியில் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். வேறுபாடு அவற்றின் ஜீன்களில், அதாவது மரபணுக்களில் ஒளிந்திருக்கிறது. ஆரியஸ் பாக்டீரியாவின் ஒரு செல்லில் ஏறத்தாழ 2,500 ஜீன்களுக்கு மேல் உண்டு. இவற்றில் ஏறக்குறைய முக்கால் பங்கு எல்லா ரகங்களுக்கும் பொதுவானது. மீதிக் கால் பங்கில்தான் சூட்சுமம் இருக்கிறது. எந்த நஞ்சைச் சுரப்பது, எந்த மருந்தை எதிர்ப்பது, மனித உடலின் எந்தக் காவலை ஏமாற்றுவது என்பனவெல்லாம் பெரும்பாலும் அந்தக் கால் பங்கைப் பொறுத்தவை.

மூக்கு எப்படிப்பட்ட இடம்?

நாம் ஒரு நாளைக்குச் சுவாசிக்கும் காற்று ஏறத்தாழ 10,000 லிட்டர். இவ்வளவு காற்றையும் வடிகட்டி, சூடாக்கி, ஈரமாக்கி நுரையீரலுக்கு அனுப்புவது மூக்கின் வேலை. புழுதிக் காற்று வீசும் நாளில் வெளியே போய்வந்து மூக்கைச் சிந்திப் பாருங்கள். கைக்குட்டையில் படியும் கறுப்பே இந்த வேலைக்குச் சாட்சி. திறந்தவெளிச் சுரங்கத்துக்கு அருகில் வசிப்பவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை!

துவாரத்தின் முன்பகுதியில் இருக்கும் ரோமங்கள் பெரிய தூசியைத் தடுக்கின்றன. அதற்கும் உள்ளே வழவழப்பான சளிப்படலம். அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் ஒரு நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அசைந்து, தூசி ஒட்டிய சளியைத் தொண்டைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. நாம் அறியாமலே அதை விழுங்கிவிடுகிறோம். வயிற்றில் உள்ள அமிலம் மற்றதைப் பார்த்துக்கொள்கிறது.

சளிக்கு இன்னொரு ஆயுதமும் உண்டு. 1921-ஆம் ஆண்டு, லண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் என்னும் மருத்துவருக்கு ஜலதோஷம் பிடித்திருந்தது. அவர் தம் மூக்குச்சளியையே எடுத்து, பாக்டீரியா வளர்ந்த தட்டில் இட்டுப் பார்த்தார். சளியைச் சுற்றியிருந்த பாக்டீரியாக்கள் கரைந்துபோயின! 'லைசோசைம்' என்னும் அந்த நொதிப்பொருளைப் பற்றி 1922-இல் அவர் உலகுக்கு அறிவித்தார். நம் மூக்கு, கண்ணீர், உமிழ்நீர் எல்லாவற்றிலும் அது இருக்கிறது.

இத்தனை காவலையும் மீறிச் சில பாக்டீரியாக்கள் மூக்கில் வாழ்கின்றன. ஸ்டாஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ், கோரினிபாக்டீரியம், கியூட்டிபாக்டீரியம் ஆகியவை பெரும்பாலான ஆரோக்கியமானவர்களின் மூக்கில் நிரந்தரக் குடிகள். ஆரியஸ் சிலரிடம் மட்டும் தங்கும். துவாரத்தின் முன்பகுதி, தோல்போல் உலர்ந்து ரோமம் முளைத்த இடம், அதற்கு மிகவும் பிடித்தது.

பெயர் எப்படி வந்தது?

ஸ்காட்லாந்து நாட்டில் அபர்டீன் நகரில் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். 1880-ஆம் ஆண்டு வாக்கில் அவர் சீழை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தபோது, உருண்டையான கிருமிகள் திராட்சைக் குலைபோல் கொத்துக்கொத்தாக இருக்கக் கண்டார். கிரேக்க மொழியில் 'ஸ்டாஃபிலே' என்றால் திராட்சைக் குலை. அதிலிருந்து 1882-இல் 'ஸ்டாஃபிலோகாக்கஸ்' என்று பெயரிட்டார். 1884-இல் ஜெர்மானிய மருத்துவர் ரோசன்பாக், தட்டில் பொன்னிறமாக வளர்வதை 'ஆரியஸ்' என்றும், வெள்ளையாக வளர்வதைத் தனியாகவும் பிரித்தார். லத்தீனில் 'ஆரியஸ்' என்றால் பொன்னிறமானது.

நிறத்தை வைத்து இனங்களைப் பிரித்தாயிற்று. ஆனால் ஒரே பொன்னிறத்துக்குள் ஒளிந்திருக்கும் ரகங்களை எப்படிப் பிரிப்பது?

ரகம் பிரிக்கும் வழிகள்

முதல் வழி சுவையானது. பாக்டீரியாவையே தாக்கும் வைரஸ்கள் உண்டு. அவற்றுக்கு 'ஃபேஜ்' என்று பெயர். ஒரு ஃபேஜ் எல்லா ரகத்தையும் தாக்காது. தட்டு முழுவதும் பாக்டீரியாவைப் பரப்பி, வெவ்வேறு ஃபேஜ்களைச் சொட்டுச் சொட்டாக வரிசையில் வைப்பார்கள். எந்தச் சொட்டுக்கு அடியில் பாக்டீரியா அழிந்து வெற்றிடம் தெரிகிறதோ அதைக் குறித்துக்கொள்வார்கள். இந்த வெற்றிடங்களின் வரிசை, கைரேகைபோல் அந்த ரகத்துக்கு அடையாளம். நம் நாட்டில் புதுதில்லி மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரியில் இதற்கென்றே ஒரு தேசிய மையம் இயங்கிற்று. பல ஊர் மருத்துவமனைகளிலிருந்தும் கிருமிகள் அங்கே அனுப்பப்பட்டன.

பிறகு ஜீன்களையே படிக்கும் முறை வந்தது. எல்லா ஆரியஸ் கிருமிகளிலும் இருக்கும் 7 ஜீன்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் எழுத்து வரிசையைப் படித்து, அந்த 7-இன் சேர்க்கைக்கு ஓர் எண் கொடுப்பார்கள். ரயில் வண்டிக்கு எண் இருப்பதுபோல ரகத்துக்கும் எண்! 2001-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் இரண்டு ஆரியஸ் ரகங்களின் ஜீன் தொகுதியை முழுவதுமாகப் படித்து வெளியிட்டனர். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 28 லட்சம் எழுத்துக்கள். ஓர் எழுத்து மாறினாலும் கண்டுபிடித்துவிடலாம் என்ற நிலை வந்தது.

இந்தியாவில் இதைச் செய்து பார்த்தவர்கள் உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழக வளாகத்தில் இயங்கிய ஓர் ஆய்வுக்குழு, கிராமத்திலும் நகரத்திலும் ஆரோக்கியமாக இருந்தவர்களின் மூக்கிலிருந்து பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்தது. மருத்துவமனை நோயாளிகளின் சீழ், ரத்தம் ஆகியவற்றிலிருந்தும் எடுத்தது. பார்த்தால், ஒன்றல்ல இரண்டல்ல, பல ரகங்கள்! அவற்றில் 22, 772 என்ற எண்ணுள்ள இரண்டு ரகங்கள் முன்னணியில் நின்றன.

772-ஆம் எண்ணுக்கு ஒரு செல்லப்பெயரும் உண்டு: 'வங்காள விரிகுடா ரகம்'. கடலூரில் அலையடிக்கிறதே, அதே விரிகுடாதான்! இந்தியாவிலும் வங்காள தேசத்திலும் இது முதலில் கவனிக்கப்பட்டதால் இப்பெயர். 14 நாடுகளிலிருந்து 340 மாதிரிகளைத் திரட்டி ஆராய்ந்து 2019-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். இந்த ரகத்தின் மூதாதை 1960-களில் இந்தியத் துணைக்கண்டத்தில் தோன்றியது. பல மருந்துகளை எதிர்க்கும் கிளை 1990-களில் தலையெடுத்தது. பிறகு பயணிகளோடு உலகெங்கும் பரவியது என்பது அவர்கள் கண்ட முடிவு. கிருமிக்குப் பாஸ்போர்ட் தேவையில்லை. ஒரு மூக்கு கிடைத்தால் போதும்.

ரகம் மாறினால் என்ன மாறும்?

'எந்த ரகமாக இருந்தால் என்ன?' என்று கேட்கிறீர்களா? மூன்று சான்றுகளைப் பாருங்கள்.

முதலாவது, மூக்குக் கிருமியே ரத்தத்துக்கும் போகிறது. ஜெர்மனியில் ஆரியஸ் ரத்தத்தில் கலந்து நோயுற்ற 219 பேரைச் சோதித்தார்கள். 180 பேரிடம், ரத்தத்தில் இருந்த ரகமும் மூக்கில் இருந்த ரகமும் ஒன்றே என்று தெரிந்தது. இது 2001-இல் வெளியான செய்தி. ஆரோக்கியமாக இருந்தபோது மூக்கில் சும்மா இருந்தது, அறுவைக் காயமோ வேறு வழியோ கிடைத்தபோது உள்ளே நுழைந்துவிட்டது. ஆகவே மூக்கில் இருப்பது மருந்துக்கு அடங்கும் ரகமா, அடங்காத ரகமா என்பது அந்த நேரத்தில் உயிர்ப் பிரச்சினை. நெதர்லாந்தில் அறுவைக்கு முன்பே ஆரியஸ் உள்ளவர்களைக் கண்டறிந்து, மூக்கில் களிம்பு தடவி, கிருமிநாசினி சோப்பால் குளிக்கவைத்துப் பார்த்தார்கள். அறுவைக்குப் பின் அந்தக் கிருமியால் வரும் தொற்று பாதிக்கும் கீழே குறைந்தது. இது 2010-இல் வெளிவந்தது.

இரண்டாவது, நல்ல அண்டைவீட்டாரும் ரகத்தைப் பொறுத்தவர்களே. எபிடெர்மிடிஸ் பெரும்பாலோர் மூக்கில் உண்டு என்றோம். அதில் சில ரகங்கள் மட்டும் ஒரு நொதிப்பொருளைச் சுரக்கின்றன. ஆரியஸ் கூட்டமாக ஒட்டிக்கொண்டு கட்டும் கூட்டை அது கரைத்துவிடுகிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்த ரகத்தை ஆரியஸ் உள்ள தொண்டர்களின் மூக்கில் வைத்துப் பார்த்தார்கள். ஆரியஸ் இடத்தைக் காலி செய்தது! அந்த நொதியைச் சுரக்க முடியாதபடி மாற்றப்பட்ட எபிடெர்மிடிஸை வைத்தபோது அவ்வளவு பலனில்லை. இனம் ஒன்றுதான், பெயர் ஒன்றுதான். ஒன்று காவல்காரன், மற்றொன்று வெறும் குடித்தனக்காரன்.

மூன்றாவது, 2016-இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகர விஞ்ஞானிகள் கண்டது. ஸ்டாஃபிலோகாக்கஸ் லக்டுனென்சிஸ் என்னும் மூக்குப் பாக்டீரியா, ஆரியஸைக் கொல்லும் ஒரு மருந்தைத் தானே தயாரிக்கிறது. லக்டுனென்சிஸ் இல்லாதவர்களில் நூற்றுக்கு 35 பேரிடம் ஆரியஸ் இருந்தது. அது இருப்பவர்களிலோ நூற்றுக்கு 6 பேரிடம் மட்டுமே.

நகரியத்தில் ஒரு குவார்ட்டர்ஸ் காலியானால்தான் அடுத்த குடும்பம் குடிவர முடியும். மூக்கிலும் ஏறக்குறைய அப்படித்தான். நல்ல குடிகள் இடத்தை நிரப்பியிருக்கும்வரை கெட்ட ரகத்துக்கு இடம் கிடைப்பது கடினம். இந்தக் குடிகளை வேரோடு வெளியேற்றினால் யார் வருவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ரகம் பார்த்துச் செய்யும் தடுப்பூசி

இதே மூக்கில், சற்று உள்ளே தொண்டையை ஒட்டிய பகுதியில் வாழும் இன்னொரு கிருமி 'நியூமோகாக்கஸ்'. நிமோனியாக் காய்ச்சலை உண்டாக்கிக் குழந்தைகளைப் பலிகொள்வது. ஆனால் ஆரோக்கியமான குழந்தைகள் பலரின் மூக்கிலும் இது சும்மா வந்து தங்கிப் போகும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, இக்கிருமி எப்போது வருகிறது, எந்த ரகம் வருகிறது என்று ஆராய்ந்து 1999-இல் வெளியிட்டார்கள்.

நியூமோகாக்கஸில் 100-க்கும் மேற்பட்ட ரகங்கள் உண்டு. ஒவ்வொன்றும் தன்மேல் ஒரு சர்க்கரைப் போர்வையைப் போர்த்திக்கொண்டிருக்கும். போர்வை மாறினால் ரகம் மாறும். ஒரு போர்வையை அடையாளம் காணப் பழகிய உடல், வேறு போர்வையைக் கண்டால் பெரும்பாலும் ஏமாந்துபோகும். ஆகவே தடுப்பூசி செய்பவர்கள் எந்தெந்த ரகத்தைச் சேர்ப்பது என்று தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். இந்தியாவில் குழந்தைகளுக்கான அரசுத் திட்டத்தில் 2017-இல் சில மாநிலங்களில் தொடங்கி, 2021-இல் நாடு முழுவதும் இத்தடுப்பூசி விரிவடைந்தது. 2020 டிசம்பரில் அறிமுகமான இந்தியத் தயாரிப்பு ஒன்றில் 10 ரகங்கள் அடங்கியுள்ளன. 'எந்த ரகம்?' என்ற கேள்விக்கு விடை தெரியாமல் இப்படி ஒரு தடுப்பூசியைச் செய்திருக்கவே முடியாது.

புளியங்கொட்டை விளையாட்டு

இனி நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். 20 புளியங்கொட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டில் மட்டும் சுண்ணாம்புப் பொட்டு வையுங்கள். இந்த 20-உம் ஒரு மூக்கில் வாழும் பாக்டீரியாக்கள். பொட்டுள்ளவை ஒரு ஆண்டிபயாடிக் மருந்தை எதிர்க்கும் ரகம்.

இப்போது 'மருந்து' கொடுங்கள். பொட்டில்லாத கொட்டைகளில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துவிடுங்கள். 18 போய் 6 ஆகும். பொட்டுள்ள 2 அப்படியே இருக்கும். மருந்து நின்றதும் பாக்டீரியாக்கள் பெருகும். ஆகவே மிஞ்சிய விகிதப்படியே மறுபடியும் 20 ஆக்குங்கள். 6-க்கு 2 என்பது 3-க்கு 1. எனவே 15 சாதா, 5 பொட்டு.

இரண்டாம் முறை மருந்து கொடுங்கள். 15 போய் 5. பொட்டு 5. மறுபடி 20 ஆக்கினால் பாதிக்குப் பாதி, 10-உம் 10-உம். மூன்றாம் முறையும் கொடுத்துப் பெருக்கினால், ஏறத்தாழ 5 சாதா, 15 பொட்டு. மூன்றே தடவையில் 2 பொட்டு 15 ஆகிவிட்டது!

இதில் கவனிக்க வேண்டியது என்ன? மருந்து பொட்டுள்ள கிருமியைப் புதிதாக உண்டாக்கவில்லை. அது முன்பே அங்கே இருந்தது. அதனோடு போட்டியிட்டவர்களை மருந்து அகற்றியது. இத்தனை நடந்தும் அந்த மூக்குக்குச் சொந்தக்காரர் ஆரோக்கியமாகவே இருக்கிறார். அவருக்கு ஒன்றுமே தெரியாது. வீட்டில் தம்பிக்கும் பாட்டிக்கும் அந்த ரகத்தை அவர் கொடுக்கக்கூடும். ஒரே வீட்டில் வசிப்பவர்களிடம் ஒரே ரகம் காணப்படுவது சாதாரணம்.

உண்மையில் நடந்ததும் இதுதான். ஃபிளெமிங் 1928-இல் பெனிசிலினைக் கண்டதே ஸ்டாஃபிலோகாக்கஸ் வளர்ந்த தட்டில்தான். அது மருந்தாகப் பயன்பட்ட 1940-களிலேயே அதை எதிர்க்கும் ரகங்கள் தோன்றின. அவற்றை அடக்க மெத்திசிலின் வந்தது. நெய்வேலிச் சுரங்கத்தில் முதன்முதலாகப் பழுப்பு நிலக்கரி தென்பட்ட அதே 1961-ஆம் ஆண்டில், மெத்திசிலினையும் எதிர்க்கும் ஆரியஸ் இங்கிலாந்தில் கண்டறியப்பட்டது. மருந்து வழக்கத்துக்கு வந்து இரண்டு ஆண்டுகூட முழுதாக ஆகவில்லை!

நீங்கள் செய்யக்கூடியது

ஜலதோஷம் பெரும்பாலும் வைரஸால் வருவது. ஆண்டிபயாடிக் மருந்து வைரஸை ஒன்றும் செய்யாது. ஆனால் உங்கள் மூக்கில் இருக்கும் பாக்டீரியாக் குடிகளைக் கலைத்துவிடும். ஆகவே போன தடவை வாங்கி மீந்துபோன மாத்திரையை எடுத்து விழுங்காதீர்கள். கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். மருத்துவர் பார்த்து எழுதிக்கொடுத்தால், அவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள்.

மூக்கை நோண்டாதே என்று அம்மா அதட்டுவது வெறும் மரியாதைக்காக அல்ல. மூக்கை நோண்டும் பழக்கம் உள்ளவர்களிடம் ஆரியஸ் அதிகம் காணப்படுவதாக நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2006-இல் கண்டனர். விரல்தான் கிருமிக்கு வாகனம். மூக்கைச் சிந்தியபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அடுத்தவர் துண்டையும் கைக்குட்டையையும் பயன்படுத்தாதீர்கள். புண் இருந்தால் மூடி வையுங்கள். மூக்குக் கிருமியை வீட்டில் வளர்த்துப் பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம். அது சோதனைச்சாலையில், பயிற்சி பெற்றவர்கள் செய்யவேண்டிய வேலை.

இனி யாராவது 'இந்தக் கிருமி நல்லதா, கெட்டதா?' என்று உங்களிடம் கேட்டால், அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீர்கள். 'எந்த ரகம்? எந்த மூக்கில்? பக்கத்தில் குடியிருப்பவர் யார்?' என்று திருப்பிக் கேளுங்கள். ஒரு விஞ்ஞானியும் முதலில் அதைத்தான் கேட்பார்.